ஊர்ப் பெரியவர்களுக்குச் சென்னை ஒத்துவருமா?

கீழணைக்காரன்: அப்பா காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் வாழ்நாள் முழுக்க நெல் விளைவித்தவர். தை அறுவடை முடிந்ததும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அம்மாவோடு வேளச்சேரிக்கு எங்களிடம் வந்துவிட்டார். விடியுமுன் எழுந்து பால்கனியில் நிற்கிறார். பேச ஆளில்லை. அம்மாவுக்கோ இங்கே பிடித்திருக்கிறது. அவரை ஊருக்கே அனுப்பிவிடலாமா?

வயல்நண்டு: அனுப்புங்கள். மேட்டூர் திறந்தால் கொள்ளிடத்துக் கீழணைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பது ஊரில் அவருக்கு வேலை. வேளச்சேரியில் வெறும் தொலைக்காட்சிச் செய்தி. அந்த ஊர்ப் பக்கத்து வீராணம் ஏரித் தண்ணீரை 2004 முதல் சென்னைக்குக் குழாய் போட்டு 200 கிலோமீட்டருக்கு மேல் இழுத்து வருகிறீர்கள். தண்ணீர் போதாதென்று ஆளையும் இழுக்க வேண்டுமா?

கிண்டிவாசி: நடு இரவில் நெஞ்சு வலித்தால் வாய்க்காலிடமா போய்ச் சொல்வார்? முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு கிண்டியில் 2024இல் மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். வேளச்சேரியிலிருந்து கூப்பிடு தூரம்.

வயல்நண்டு: 108 ஊருக்கும் வரும். வராத நோய்க்காக ஆஸ்பத்திரி வாசலில் குடியிருக்கச் சொல்கிறீர்கள்.

ஜன்னலோரம்: எல்லோரும் அப்பாவைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர் ஊருக்குப் போனால் சமைப்பது யார்? அம்மாவையும் மூட்டை கட்டுவீர்கள், அதுதானே? என் மாமியார் ஊரில் இருந்தவரை கோயிலைத் தவிர எங்கும் தனியாகப் போனதில்லை. எங்கே, எதற்கு, யாரோடு என்று கேட்கத் தெருவே காத்திருக்கும். திண்ணையும் டீக்கடையும் ஆண்களுக்குத்தானே! இங்கே சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் காசு கிடையாது. அவர் பாட்டுக்கு மயிலாப்பூர் போய் வருகிறார்.

வயல்நண்டு: பேரனைப் பள்ளியில் விட்டு, கூட்டி வந்து, சோறூட்டிய பிறகுதானே மயிலாப்பூர்? சம்பளமில்லாத ஆயா வேலைக்கு விடுதலை என்று பெயர் வைக்காதீர்கள்.

ஜன்னலோரம்: பல வீடுகளில் அப்படித்தான். ஆனால் ஊரில் மாடு கறந்தார், களம் கூட்டினார், களைபறித்தவர்களுக்குச் சோறு பொங்கினார். அதற்கு யார் சம்பளம் கொடுத்தார்கள், ஐயா?

கிண்டிவாசி: அதற்கு நண்டிடம் பதில் வராது. கீழணைக்காரரே, 60 வயது தாண்டியவர்களுக்கு மாநகர பஸ்ஸில் மாதம் 10 இலவச டோக்கன் தருகிறார்கள். வாங்கிக்கொடுத்து, காய்கறி வாங்கும் பொறுப்பை அப்பாவிடம் விடுங்கள். கத்திரிக்காயைப் பார்த்து வாங்க அவரைவிட யாருக்குத் தெரியும்?

வயல்நண்டு: விளைவித்தவரை வரிசையில் நின்று விலை கொடுத்து வாங்கச் சொல்கிறீர்கள். நல்ல மரியாதை.

கீழணைக்காரன்: இருவரையும் உட்கார வைத்துக் கேட்டேன். சம்பா நாற்று விடும்போது போய் அறுவடை முடிந்து வருகிறேன் என்றார் அப்பா. "தாராளமாகப் போங்கள், நான் வரவில்லை. சோறு வடிக்கத் தெரியுமா?" என்றார் அம்மா. வீட்டில் அப்படியோர் அமைதியை நான் கண்டதில்லை. புறப்பட இன்னும் சில மாதம் இருக்கிறது. அடுப்புப் பக்கமே போகாதவருக்குச் சமையலை எங்கிருந்து தொடங்கிக் கற்றுக்கொடுப்பது?

ஜன்னலோரம்: சோற்றைக் குக்கர் பார்த்துக்கொள்ளும். ரசத்தில் தொடங்குங்கள். நீங்களும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம்.