மறு: பாஸ்-த்ரூவுக்கு ‘ஊடுகடத்தல்’ பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

ஒரு கருவி தனக்கு வரும் சிக்னலை வந்தபடியே அடுத்த கருவிக்கு விடுவதுதான் பாஸ்-த்ரூ. அதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன ‘ஊடுகடத்தல்’ இலக்கணப்படி சரிதான். எனக்கு இடறுவது அந்தக் ‘கடத்தல்’. செம்புக் கம்பியும் கடத்துகிறது, படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளும் கடத்துகிறது. கேபிள்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் படத்தை டிவிக்கும் பிரித்து அனுப்பும் ஏவி ரிசீவரின் வேலைக்கும் அதே சொல் என்றால் குழப்பம்தான். (விமான நிலையத்தில் பிடிபடும் தங்கமும் நினைவுக்கு வருகிறது, அதை விடுங்கள்.)

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. செட்டாப் பாக்ஸை ரிசீவரில் செருகி, அங்கிருந்து ஒரே கேபிளை டிவிக்கு இழுத்திருந்தேன். பகலில் அம்மா டிவியைப் போட்டால் ‘நோ சிக்னல்’. “சீரியல் பார்க்க எதுக்குடா அந்தப் பெரிய பெட்டியையும் போடணும்?” மெனுவில் மூன்று படி உள்ளே ‘ஸ்டாண்ட்பை பாஸ்-த்ரூ’ ஒளிந்து கிடந்தது. அதை ஆன் செய்தேன். ரிசீவர் தூங்கும்போதும் படம் டிவிக்குப் போனது, சத்தம் டிவி ஸ்பீக்கரிலேயே வந்தது. என்ன செய்தாய் என்று அம்மா கேட்டபோது, “மடையைத் திறந்து விட்டிருக்கேன்” என்றேன். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சொல் அங்கேயே இருக்கிறது. நாலு இன்புட்டில் ஒன்றைத் தேர்ந்து டிவிக்குத் திருப்புவது ‘மடைமாற்று’. வந்த படத்தை 1080பி-யிலிருந்து 4கே ஆக்குவது போன்ற வேலை எதுவும் பார்க்காமல் வந்தபடியே விடுவது ‘நேர்மடை’.

பாஸ்-த்ரூவுக்குத் ‘தொடாவழி’ என்று இன்னொரு மடலில் வந்தது. அழகான சொல், ஆனால் நடப்பது அப்படியில்லை. எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டோடு வரும் படத்தை, விழித்திருக்கும் ரிசீவர் பூட்டைத் திறந்து வாங்கி, ஒலியைத் தனக்கு எடுத்துக்கொண்டு, மறுபடி பூட்டித்தான் டிவிக்கு அனுப்புகிறது. தொடாமல் முடியாது.

மடை என்றால் அகலமும் கூடவே வந்துவிடுகிறது, அதுவும் நமக்கு வசதி. எச்டிஎம்ஐயின் பழைய பதிப்பான 1.4 உள்ள ரிசீவரில் 4கே படம் நொடிக்கு 30 ஃபிரேம்தான் போகும். முழு நிறத்தோடு 60 வேண்டுமென்றால் 2013இல் வந்த 2.0 வேண்டும், நொடிக்கு 18 கிகாபிட். பழைய ரிசீவரை நடுவில் வைத்துவிட்டுப் புது டிவியைத் திட்டிப் பயனில்லை, மடை குறுகல். அப்படிப்பட்டவர்கள் ப்ளேயரை நேரே டிவியில் செருகி, ஒலியை மட்டும் ஏஆர்சி (ஆடியோ ரிட்டர்ன் சேனல்) வழியே டிவியிலிருந்து ரிசீவருக்குத் திருப்பிக்கொள்வார்கள்.

அந்த ஏஆர்சிக்கு ‘மறுகால்’ கேட்டவருக்கு: மறுகால் என்பது குளம் பெருகிக் கீழே அடுத்த குளத்துக்கு ஓடுவது. வந்த வழியே திரும்புவதில்லை. ஏஆர்சியிலோ ஒலி அதே கேபிளில் எதிர்த்திசையில் வருகிறது. ‘எதிர்க்கால்’ எனலாம் என்று பார்த்தால், ஒற்றுப் போட்டும் கண் ‘எதிர்காலம்’ என்றே படிக்கிறது. இப்போதைக்கு ‘ஒலித்திருப்பம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.