இகுவானா பழகுமா, பொறுத்துப்போகுமா?

வேம்புநிழல்:
"குட்டியிலேயே கையில் எடுத்துப் பழக்கினால் பச்சை இகுவானா நாய்க்குட்டி மாதிரி ஆகிவிடும்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஒரு சாண் நீளத்தில் வாங்கும் இந்த வெளிநாட்டு ஓணான் சில வருடத்தில் ஐந்தடியைத் தொடும் என்பதைச் சொல்வதில்லை. ஆணாக இருந்தால் இணைசேரும் பருவத்தில் குணமே மாறும். தோளும் முன்னங்காலும் ஆரஞ்சாகும், தொடையின் உட்பக்கத் துளைகளில் மெழுகு போலக் கட்டும், தீனி குறையும், தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு மூன்று மாதமும் அதன் கண்ணுக்கு நீங்கள் இன்னொரு ஆண் இகுவானா. பல் ரம்பம் மாதிரி. இலையைக் கிழிக்க அமைந்ததுதான், சதையையும் தையல் போடுமளவு கிழிக்கும். ஓணான் வகைதான் வேண்டுமென்றால் பியர்டட் டிராகன் வாங்குங்கள்.

கரட்டான்:
பருவக் கோபம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வருடம் முழுக்கச் சீறுகிற இகுவானாவை எடுத்துப் பாருங்கள். மூன்றடி மீன் தொட்டியில், தரையில், எல்லோரும் நடக்கிற இடத்தில் வைத்திருப்பார்கள். அது மரத்தில் வாழ்கிற பிராணி. உச்சந்தலையில் வெளிச்சமும் நிழலும் மட்டும் உணர்கிற மூன்றாவது கண் ஒன்று உண்டு. மேலேயிருந்து கை இறங்கினால் அதற்குப் பருந்துதான். வளர்ந்ததற்கு ஆறடி உயரம், ஆறடி நீளம், மூன்றடி ஆழம் கூண்டு வேண்டும். படுக்கிற கிளை நம் தலை மட்டத்தில் இருக்கட்டும். பாதிக் கோபம் அங்கேயே போய்விடும்.

பழக்குவதற்கும் ஒழுங்கு இருக்கிறது. முதல் இரண்டு வாரம் தொடவே வேண்டாம், தீனியும் தண்ணீரும் மட்டும். பிறகு தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் கையைக் கூண்டுக்குள் அசையாமல் வைக்க வேண்டும். அது ஓடுவதை நிறுத்தியபின் பக்கவாட்டில், வயிற்றுக்குக் கீழே கை கொடுத்து நான்கு காலும் தாங்கும்படி எடுக்கலாம். துள்ளும்போது மட்டும் கீழே விடாதீர்கள். துள்ளினால் விடுதலை என்று ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளும். வாலைப் பிடித்தால் வால் கையோடு வந்துவிடும். திரும்ப முளைப்பது குட்டையாக, நிறம் மங்கித்தான் இருக்கும்.

செம்பருத்தி:
தடவிக் கொடுத்தால் கண்ணை மூடிச் சொக்குகிறதே, அது பாசம் இல்லையா?

வேம்புநிழல்:
பல நேரம் இல்லை. கை இருக்கிற பக்கத்துக் கண்ணை மட்டும் மூடினால் "உன்னைப் பார்க்க விரும்பவில்லை" என்று வைத்துக்கொள்ளலாம். கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியை விரித்து, உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கிக் காட்டினால் எச்சரிக்கை. அடுத்தது வால் வீச்சு, கடி கடைசியில்தான்.

இன்னொன்று. கடையில் "ரொம்ப சாது" என்று காட்டும் குட்டி பெரும்பாலும் குளிரில், பசியில் துவண்டது. சரியான சூடும் தீனியும் கிடைத்த மூன்றாம் வாரம் அதுவே வாலைச் சுழற்றும். வாங்கியவர் "கெட்டுப்போச்சு" என்பார். உண்மையில் அப்போதுதான் தேறியிருக்கிறது.

கரட்டான்:
இதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். இதன் மறுபக்கம் எலும்பு நோய். வெயிலில் உள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிர் இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது. தாடை ரப்பர் மாதிரி வளையும், விரல் நடுங்கும், தொட்டால் வலிக்கும்; வலிக்கிற பிராணி கடிக்காமல் என்ன செய்யும்? ஜன்னல் கண்ணாடி வழியாக விழும் வெயில் பயன்படாது, கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும். நம் ஊரில் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நேரடி வெயில், ஒதுங்க நிழலோடு, எந்த டியூபையும் விட மேல். உள்ளே வைத்தால் யுவிபி தரும் டி5 டியூப் விளக்கு, கிளையிலிருந்து ஓர் அடிக்குச் சற்று மேலே, தினம் 12 மணி நேரம். எரிந்துகொண்டே இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது சூடு காயும் கிளையில் 35 முதல் 38 டிகிரி இருக்கட்டும். அந்தச் சூடு இல்லாவிட்டால் தின்ற இலை செரிக்காது.

தீனி முழுக்க இலைதான். அகத்தி, முருங்கை, செம்பருத்தி இலை, மல்பெரி இலை என்று மாற்றி மாற்றி. 100 கிராம் முருங்கைக்கீரையில் கால்சியம் சுமார் 440 மில்லிகிராம், பாஸ்பரஸ் 70. இப்படிப் பாஸ்பரஸை விடக் கால்சியம் கூடுதலாக இருக்க வேண்டும். பாலக் தினமும் போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். நாய் பிஸ்கட், முட்டை எல்லாம் சிறுநீரகத்துக்கு ஆகாது.

கடலோரம்:
பியர்டட் டிராகனை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டீர்களே வேம்புநிழல் சார். அது ஆஸ்திரேலியாவின் உலர்ந்த உள்நாட்டுப் பிராணி. 30, 40 சதவீத ஈரப்பதம் போதும் அதற்கு. சென்னைக் கடலோரக் காற்றில் அதை விட எவ்வளவோ அதிகம். காற்றோட்டம் இல்லாத கண்ணாடித் தொட்டியில் வைத்தால் நுரையீரலில் தொற்று. காயும் இடத்தை விட்டு வந்த பிறகும் வாய் திறந்தே இருந்தால், மூக்கில் குமிழ் வந்தால், டாக்டரிடம் ஓட வேண்டியதுதான். குணம் சாதுதான், ஒரு முன்னங்காலைத் தூக்கி "டாட்டா" காட்டுவதே பணிந்துபோகிறேன் என்ற சைகை. ஆனால் இரண்டு ஆணை ஒன்றாக விட்டால் பெரியது சின்னதின் காலைக் கடித்துவிடும். வீட்டில் பிடித்த கரப்பானைப் போடாதீர்கள், மருந்தடித்ததாக இருக்கும்.

வேம்புநிழல்:
ஈரப்பதம் பற்றிச் சொன்னது நியாயம். மேல்பக்கம் வலை, சின்னத் தண்ணீர்க் கிண்ணம், 40 டிகிரி காயும் இடம் இருந்தால் சமாளிக்கலாம். மழைக்காலத்தில்தான் சிரமம்.

செம்பருத்தி:
நம்ம ஊர் உடும்பு வளர்க்கலாமா?

கரட்டான்:
கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை, வைத்திருந்தாலே குற்றம். இகுவானா வெளிநாட்டு இனம் என்றாலும் சைட்டிஸ் எனும் பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். தாள் இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

கடலோரம்:
எதைத் தொட்டாலும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். சால்மொனெல்லா கிருமி தொற்றும். ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீட்டுக்கு எந்த ஊர்வனவும் வேண்டாம்.

செம்பருத்தி:
அப்போ ஆண் வேண்டாம், பெண் இகுவானா வாங்கினால் பிரச்சினை தீர்ந்ததா?

வேம்புநிழல்:
வேறு பிரச்சினை. ஆண் துணையே இல்லாமலும் முட்டையிடும், ஒரே ஈட்டில் முப்பது, நாற்பது கூட. ஒன்றரை அடி ஆழத்துக்கு ஈரமணல் போட்ட பெட்டி வைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி அறுவை சிகிச்சை வரை போகும்.

கரட்டான்:
தவிர, ஒரு சாண் குட்டியில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. கடைக்காரர் "பெண்தான்" என்றால் ஊகம். ஆண் என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கூண்டுக்கு எதிரே கண்ணாடி வேண்டாம், தன் பிம்பத்தோடேயே சண்டை போடும். பருவ மாதங்களில் தோளில் ஏற்றாதீர்கள், முகம் பக்கத்தில் இருக்கும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் தடித்த துண்டு போர்த்தி எடுங்கள்.

வேம்புநிழல்:
பார்த்தீர்களா, தடித்த துண்டு.

கரட்டான்:
வருடத்தில் இரண்டு மாதம்தானே சார்.