கன்று வீசிய மாடும் விட்டுவிட்டு வந்த காய்ச்சலும்

பால் மாடு வளர்ப்பவர், ஈரோடு மாவட்டம்:

என் தந்தைக்கு மாலையில் ஏறி, விடியற்காலையில் சட்டை நனையுமளவு வியர்த்து இறங்கும் காய்ச்சல் வாரக்கணக்கில் விட்டுவிட்டு வந்தது. இடுப்பு வலியால் பால் கறக்க உட்காரவே முடியவில்லை. முதலில் டைபாய்டு என்றார்கள். பிறகு முதுகெலும்பில் காசநோயாக இருக்குமோ என்று ஐயுற்று ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியாகப் பார்த்த இளம் மருத்துவர்தான், "ஐயா, சமீபத்தில் உங்கள் மாடு ஏதாவது கன்று வீசியதா?" என்று கேட்டார்.

வீசியிருந்தது, அதாவது நாள் நிறையும் முன்பே சினை கலைந்திருந்தது. ஏழு மாதச் சினையாக இருந்த கிடேரி கன்றை வீசிவிட்டு, நஞ்சுக்கொடி விழாமல் தவித்தபோது, தந்தைதான் கையை விட்டு அதை எடுத்தார். அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டினால் பால் பெருகும் என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் இன்னும் இருப்பதால், அதையும் வெறுங்கையாலேயே செய்தார். கன்று வீசிய மாட்டின் கொடியிலும் அதன் நீரிலும் புருசெல்லா கிருமி ஏராளமாக இருக்கும் என்பதும், கையிலுள்ள சிறு கீறல் வழியாகக்கூட அது உடலில் புகுந்துவிடும் என்பதும் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இரத்தப் பரிசோதனையில் இந்தக் கிருமியால் வரும் புருசெல்லோசிஸ் நோய் உறுதியானதும் டாக்சிசைக்ளின், ரிஃபாம்பிசின் இரண்டையும் சேர்த்து 6 வாரம் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தப் பார்த்தவரை, பாதியில் விட்டால் நோய் திரும்பிவிடும் என்று அம்மாதான் மிரட்டி விழுங்க வைத்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு முறை வீசிய மாடு அடுத்த ஈற்றில் பெரும்பாலும் நல்லபடியாகக் கன்று போட்டுவிடும். ஆனால் கிருமி பாலில் வந்துகொண்டே இருக்கலாம். அப்படிப்பட்ட மாட்டை வாய் திறக்காமல் சந்தையில் தள்ளிவிடுவதை நான் துரோகம் என்றே சொல்வேன்.

கால்நடை மருத்துவர்:

மேலே எழுதியவரின் தந்தைக்கு நேர்ந்தது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும் நேர்கிறது. 2019 முதல் மத்திய அரசின் திட்டத்தில் 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஒரே முறை போடப்படும் புருசெல்லோசிஸ் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி என்பதால், கன்று துள்ளும்போது ஊசி நம் கையில் ஏறினாலோ மருந்து கண்ணில் தெறித்தாலோ நமக்கே நோய் வரலாம். உடன் பணிபுரிந்த ஒருவருக்கு அப்படி ஊசி குத்தி, உடனே மாத்திரை தொடங்கியதால் தப்பினார்.

ஆட்டுப்பாலையும் மறக்க வேண்டாம். 1887இல் மால்டா தீவில் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் இந்தக் கிருமியைக் கண்டறிந்தது காய்ச்சலால் இறந்த படைவீரர்களின் மண்ணீரலில். அது ஆட்டுப்பால் வழியே பரவியது 1905இல்தான் தெரியவந்தது. மருந்து என்று சொல்லிக் குழந்தைகளுக்குப் பச்சை ஆட்டுப்பால் புகட்டும் வீடுகளில், அதைக் காய்ச்சிக் கொடுக்கும்படி நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். காய்ச்சினால் குணம் போய்விடும் என்ற பதில்தான் இன்றும் கிடைக்கிறது.