கதிரை, மேசை, கொம்பியூட்டர்: உடம்பு உளையாம வேலை செய்யிறது

கல்லடி வாசி:
மட்டக்களப்புப் பக்கம் அநேக வீடுகளில் கொம்பியூட்டர் மேசை என்று தனியா இல்லை. சாப்பாட்டு மேசை, பிளாஸ்டிக் கதிரை, அவ்வளவுதான். மேசை ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர் உயரம், கதிரையில் குந்துற இடம் 43 அளவில். குந்தினா அங்கிருந்து 22–25 சென்ரிமீற்றரில் முழங்கை நிற்கும். ஆக மேசை 7–10 சென்ரிமீற்றர் கூட. அந்த மிச்சத்தைத் தோள்தான் தூக்கிப் பிடிக்குது. பின்னேரம் கழுத்தடி உளையிறது அதனாலதான்.

மேசைக்காலை அறுக்க வேணாம், ஆளை உயர்த்துங்க. ஸ்பொஞ்ச் தலகணி கொஞ்ச நேரத்தில் அமுங்கிப்போகும். தும்பு மெத்தைத் துண்டு நிற்கும். இரண்டு கதிரையை அடுக்குறவங்களும் இருக்காங்க. உயரம் கிடைக்கும், ஆனா கைப்பிடி மேசைச் சட்டத்தில் முட்டும். கதிரை உள்ள போகாது, முதுகு சாய்மானத்தை விட்டுட்டு முன்னுக்கு வளையும். கைப்பிடி இல்லாத கதிரைதான் தோது. உயர்த்தினதும் கால் தொங்கினா தொடையின் அடிப்பக்கம் அழுந்தி விறைக்கும். இரண்டு செங்கல், மேல ஒரு பலகை போடுங்க.

லெப்டொப்புக்கு அடியில் புத்தகம் அடுக்கி, திரையின் மேல் விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டு வரலாம். கீபோர்ட்டும் மௌஸும் தனியா வேணும். இல்லாட்டிக் கழுத்து தப்பும், மணிக்கட்டு மாட்டும். வாசிக்கிற வில்லை கீழ்ப்பாதியில் உள்ள கண்ணாடிக்காரருக்குத் திரை இன்னும் கீழ பதிவா இருக்கட்டும். இல்லையெண்டா நாள் முழுக்க நாடியைத் தூக்கித்தான் பார்ப்பாங்க.

கல்முனைக் கரை:
கை விறைச்சா உடனே வாதம் எண்டு எண்ணெய் பூசுறாங்க. முதல்ல எந்த விரல் எண்டு பாருங்க. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் எண்டா மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்படுது. சின்னவிரலும் மோதிரவிரலும் எண்டா பெரும்பாலும் முழங்கையில்: மேசை விளிம்பில் ஊண்டுறதாலயும், கையை நெடுநேரம் மடிச்சு வைக்கிறதாலயும். இரண்டுக்கும் வைத்தியம் வேற.

மணிக்கட்டுக்கு: கீபோர்ட்டின் பின்பக்கம் இருக்கிற குட்டிக் கால்களை மடக்கிவிடுங்க. அது நிமிர்ந்து நிண்டா கை மேல்நோக்கி மடங்கும். முழங்கைக்கு: துவாயை நாலா மடிச்சு விளிம்பில் போடுங்க. ராவில் விறைப்பு எழுப்பினா, கோப்பை கை நழுவினா, பெருவிரலடிச் சதை வத்தினா, பூச்சு வேலையை விட்டுட்டு டொக்டரிட்டக் காட்டுங்க.

ஏறாவூர்த் தங்கச்சி:
கச்சான் எண்ட வறண்ட காற்று வீசுற மாதங்களில் கண்தான் முதல்ல உளையும். திரையைப் பார்த்தா கண் சிமிட்டுறது குறையும். அதோட இந்தக் காற்று, முகத்துக்கு நேரா ஃபேன். ஃபேனைக் காலடிக்குத் திருப்புங்க. 20 நிமிசத்துக்கு ஒருக்கா, 20 செக்கனுக்கு, 6 மீற்றருக்கு அங்கால எதையாவது பாருங்க, வளவுத் தென்னை போதும். யன்னல், கொம்பியூட்டர் திரைக்குப் பின்னாலயும் வேணாம், முதுகுக்குப் பின்னாலயும் வேணாம், பக்கவாட்டில் இருக்கட்டும்.

கல்லடி வாசி:
கல்முனையார் சொன்னதோட ஒண்டு. நம்பர் கட்டைகள் உள்ள நீளக் கீபோர்ட் மௌஸை வலப்பக்கம் எட்டத் தள்ளுது, வலது தோள் மட்டும் உளையிற ஆட்கள் அதைப் பாருங்க. கணக்கு வேலை இல்லையெண்டா குட்டைக் கீபோர்ட் எடுக்கலாம்.