அம்மா அப்பாவை துபாய்க்குக் கூப்பிடறீங்களா? பெட்டி கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

புதுசா வேலைக்கு வந்திருக்கற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர், பெத்தவங்க விசிட் விசாவுல வந்தா எங்கெங்க கூட்டிட்டுப் போகலாம்னு கேக்கறீங்க. அதுக்கு முன்னாடி அவங்க ஊர்ல கட்டுற பெட்டியைப் பத்திச் சொல்லிடறேன்.

கசகசா ஒரு சிட்டிகைகூட வரக்கூடாது. அமீரகத்துல அது தடை செஞ்ச பொருள். அம்மா அரைச்சு எடுத்துட்டு வர்ற குருமாப் பொடியில அது இருக்கான்னு போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. அடுத்தது மாத்திரை. டிரமடால்ங்கற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, சுகர் இருக்கறவங்களுக்குக் கால் எரிச்சலுக்குத் தர்ற பிரிகாபலின் எல்லாம் இங்க கட்டுப்பாட்டுல இருக்கு. அமீரக அரசோட இணையதளத்துல முன்கூட்டியே அனுமதி வாங்கணும். சாதாரண பிரஷர் மாத்திரையா இருந்தாலும் டாக்டர் சீட்டோட, அட்டையோடயே வரட்டும், டப்பாவுல பிரிச்சுக் கொட்ட வேண்டாம். "இதுக்கெல்லாமா கேப்பாங்க"ன்னு பெரியவங்க சொல்லத்தான் செய்வாங்க. பொறுமையா எடுத்துச் சொல்லுங்க. ஏர்போர்ட்ல பாஷை தெரியாம பதில் சொல்லி நிக்கப்போறது அவங்கதான்.

நவம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள கூப்பிடுங்க. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12.30ல இருந்து 3 மணி வரை வெட்டவெளியில வேலை வாங்கவே இங்க தடை இருக்கு. அந்த வெயில்ல வயசானவங்களை அலைய விடாதீங்க.

828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவை எப்படியும் காட்டிடுவீங்க. நான் சொல்றது, தேராவுல இருந்து பர் துபாய்க்கு அப்ரா படகுல ஒருதரம் கூட்டிட்டுப் போங்க. ஆளுக்கு ஒரு திர்ஹாம்தான். 1966ல எண்ணெய் கிடைக்கறதுக்கு முன்னாடியே அந்தப் படகு போற க்ரீக்கை, அதாவது ஊருக்குள்ள வர்ற கடல் கழியை, தூர்வாரி ஆழமாக்கி, வியாபாரத்தை நம்பி எழுந்த ஊர் இது. கரையில சரக்கு ஏத்தற மரக்கப்பலையும், அல் ஃபாஹிதியில காத்துக்கோபுரம் வச்ச பழைய வீடுகளையும் பாத்தா அப்பாவுக்கு ஊரோட கதை புரிஞ்சிடும். எனக்கு இந்த ஊர்ல ரொம்பப் பிடிச்ச இடமும் அதுதான்.

மெட்ரோவுல எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, 100 திர்ஹாம் அபராதம். பெண்கள் பெட்டியில அம்மா பின்னாடியே அப்பாவும் ஏறிடாம பாத்துக்கோங்க. முன்பின் தெரியாதவங்களை போட்டோ எடுக்க வேண்டாம்னும் சொல்லி வைங்க.

விசா தேதி தாண்டினா ஒருநாளைக்கு 50 திர்ஹாம் கட்டணும். திரும்பற டிக்கெட்டை ரெண்டு நாள் முன்னாடியே போட்டுடுங்க.