கயாக்கில் காலா: எண்ணூர்க் காற்றில் மாட்டியவர்கள், மாட்டியதைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

துடுப்புக்காரன், திருவொற்றியூர்

பொங்கல் கழிஞ்சதுலேர்ந்து எண்ணூர்ப் பக்கம் கார் மேல கயாக்கை (துடுப்பு போட்டுப் போற சின்னப் படகு) கட்டிக்கிட்டு வர்றவங்க கூடிட்டாங்க. சந்தோஷம்தான். ஆனா வந்ததும் கேக்குறது "காலா எங்க நிக்குது, என்ன லூர் போடணும்", இவ்வளவுதான். (காலா ஒரு மீன், லூர்ங்கிறது செயற்கை இரை.) காத்து எந்தப் பக்கம்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. அதனால இந்த இழையில காத்தைப் பத்தி மட்டும் எழுதுங்க. மீனோட போட்டோவை வேற இடத்துல போட்டுக்கலாம்.

நான் பாத்ததுலேர்ந்து ஆரம்பிக்கிறேன். தாழங்குப்பத்துக்கிட்ட விடியறதுக்குள்ள நானும் ஆபீஸ் நண்பரும் இறங்கினோம். கரையில நின்னு பாத்தா கடல் குளம் மாதிரி கிடந்தது. முதுகுல மேலக்காத்து, அதாவது மேற்கேருந்து கடலைப் பாத்து அடிக்கற காத்து. "இன்னைக்கு செம நாள்"னார் நண்பர். மேலக்காத்து அடிக்கும்போது கரையோரம் எப்பவும் அப்படித்தான் தெரியும். நிலத்துலேர்ந்து கிளம்பற காத்துக்கு அலையைக் கிளப்ப அங்க இடம் பத்தாது. உள்ள வர்ற அலையையும் எதிர்ல நின்னு அமுக்கிடும். ஒரு கிலோமீட்டர் தாண்டினப்புறம்தான் அதோட உண்மையான வேகம் தெரியும். அங்கேருந்து திரும்பி வரணும்னா முகத்துல அறையும்.

மீன் இருந்தது, அதைச் சொல்லியாகணும். வெள்ளை சாஃப்ட் பிளாஸ்டிக் லூரை அடி வரைக்கும் இறக்கி, ரெண்டு தட்டு தட்டி நிறுத்தினா, நிறுத்தின இடத்துலயே அடிச்சுது. நண்பரோட தூண்டில் கம்புல விழுந்தது பெரிய உருப்படி. மேல வந்தப்ப கிட்டப் போய்ப் பாத்தேன். மூக்கு வாயைத் தாண்டி முன்னால துருத்திக்கிட்டு நிக்குது. கண்ணை மூடி தெளிவா ஒரு சவ்வு. நெஞ்சுத் துடுப்புக்குக் கீழ பக்கத்துக்கு நாலு இழை. கலங்கல் தண்ணியில கண்ணு எடுபடாதுங்கிறதால, தரையைத் தடவி இறாலைத் தேட அந்த இழைங்கதான் உதவுது. அதுல ஒண்ணு தூண்டில் நரம்புல சுத்திக்கிட்டு விடாம துடிச்சிக்கிட்டிருந்தது.

இந்தக் கூத்து முடியற வரைக்கும் நண்பரோட ரெண்டு கையும் கம்புலதான். துடுப்பு மடியில. மீனோட மல்லுக்கட்டற நேரத்துலதான் கயாக் ஆள் இல்லாத பலகையா ஆயிடுது. ஜிபிஎஸ்ல பாத்தா மணிக்கு ரெண்டு கிலோமீட்டர் கணக்குல கிழக்கே போயிக்கிட்டிருக்கோம். கிளம்பும்போது அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியையும் கரையில இருந்த தண்ணித் தொட்டியையும் ஒரே நேர்ல வச்சுப் பாத்திருந்தேன். இப்ப ரெண்டும் தனித்தனியா நிக்குது, தொட்டி பாதிதான் தெரியுது.

திரும்பினோம். நான் குனிஞ்சு, துடுப்பைத் தாழ்வாப் பிடிச்சு, சின்னச் சின்னதா இழுத்து நகர்ந்தேன். அவர் பெரிய பெரிய வீச்சா வீசி சீக்கிரமே களைச்சிட்டார். வலை வாங்கிட்டு வந்த ஃபைபர் படகுதான் எங்களைப் பாத்தது. வயசான ஒருத்தர் மொதல்ல கேட்டது, "குடிக்கத் தண்ணி கீதாபா?" அப்புறம்தான் கயிறு வீசினார். கயிறைக் கயாக்கோட மூக்குல கட்டச் சொன்னார். பக்கவாட்டுல கட்டினா இழுக்கற இழுப்புல குப்புறக் கவுத்துடுமாம். நங்கூரத்துக்கும் இதே கதைதான், எப்பவும் மூக்குலயோ வால்லயோதான் கட்டணும்.

நெட்டுக்குப்பத்தான்

அண்ணே, நான் இங்கியே பொறந்தவன். இப்போ கம்பெனி வேலை, லீவுல அப்பாகூட தொழிலுக்குப் போவேன். நீங்க சொன்ன மேலக்காத்து மேட்டரு நூத்துக்கு நூறு. எங்காளுங்க கடலாண்ட வந்தா மொதல்ல மூஞ்சைக் காத்துக்குக் காட்டிப் பாப்பாங்க, அப்பால நீரோட்டத்தப் பாப்பாங்க. தெக்கேர்ந்து வடக்க இழுத்தா தெண்டி, வடக்கேர்ந்து தெக்க இழுத்தா வன்னி. தெண்டி இழுக்கும்போது இறங்குன எடத்துக்கு நேரா திரும்பலாம்னு நெனச்சா நடக்காது. தெக்கால பாத்து மூக்கைத் திருப்பினாத்தான் நேரா வருவீங்க. இல்லாங்காட்டி காட்டுப்பள்ளிப் பக்கம் ஒதுங்கணும். துறைமுகத்துக்கிட்ட போனா அதுக்குத் தனியா பதில் சொல்லணும்.

நான் பாத்த கேஸு வேற. முகத்துவாரத்துல நடந்தது. ரெண்டு பசங்க வெளிய மீன் புடிச்சிட்டு மத்தியானம் உள்ள வர்றானுங்க. வத்தம் (கடல் மட்டம் தாழறது) இறங்குற நேரம், கழிமுகத்துத் தண்ணி மொத்தமும் கடலுக்கு ஓடுது. கடல்லேர்ந்து வர்ற கொண்டல் காத்து அந்தத் தண்ணிக்கு எதிர்ல. ரெண்டும் மோதுற எடத்துல அலை படுக்காது, செவுத்தா எழுந்து நிக்கும். உயரம் ஒண்ணும் பெருசில்ல, இடுப்பளவுதான். ஆனா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல எடமே கெடயாது. கயாக்கு மூக்கு ஒரு அலைல, வாலு இன்னொரு அலைல. நான் கரையிலேர்ந்து சட்டையக் கழட்டி ஆட்டுறேன், வராதீங்கடா, வெளியவே நில்லுங்கடான்னு. ஒருத்தன் புரிஞ்சிக்கினு நின்னுட்டான். இன்னொருத்தன் வந்தான், கவுந்தான். லைஃப் ஜாக்கெட் இருந்ததால மெதந்தான். துடுப்புல கயிறு கட்டல, அது போச்சு. கம்பு ரெண்டும் போச்சு. நின்னவன் ஏத்தம் (கடல் மட்டம் ஏறுறது) திரும்புன அப்பால துடுப்பக்கூட போடாம உள்ள வந்தான், தண்ணியே கொண்டாந்து வுட்டுது.

இன்னொண்ணும் சொல்லிக்கிறேன். விடிகாலைல காலா வலை கடல்ல கெடக்கும். கொடி கட்டுன மிதப்பு தெரிஞ்சா சுத்திக்கினு போங்க. சுக்கான் மாட்டிச்சின்னா வலையும் கிழியும், உங்க வண்டியும் நிக்கும். நைட்டெல்லாம் கண்ணு முழிச்சிப் போட்ட வலை அது.

ராயபுரம் வாசி

என்னோடது சின்னக் கதை. காசிமேட்டுலேர்ந்து வடக்கே எண்ணூர் வரைக்கும் கரையில பாதிக்கு மேல கல்லுதான். கடல் அரிப்புக்குப் போட்ட கல்சுவர், நடு நடுவுல கடலுக்குள்ள நீட்டிக் கட்டின கல் தடுப்பு, தூண்டில் வளைவும்பாங்க. மேப்புல பாத்தா கரை பக்கத்துலயே இருக்கு. ஆனா கயாக்கைக் கொண்டுபோய் ஏத்த மணல் கிடையாது. மத்தியானக் கொண்டல்ல தள்ளப்பட்டு ஒருத்தர் கல்லோரம் வந்துட்டார். அலை கொண்டுபோய் மோதுது, இழுக்குது, திரும்பவும் மோதுது. பிளாஸ்டிக் கயாக்ங்கிறதால உடையல. காலைத்தான் பாறைச் சிப்பி கிழிச்சிடுச்சு. கல்லு மேல உக்காந்து தூண்டில் போட்டுக்கிட்டிருந்தவங்க இறங்கித் தூக்கினாங்க. இறங்கறதுக்கு முன்னாடி எந்தெந்தக் குப்பத்துல மணல் இருக்குன்னு நடந்து போய்ப் பாத்து வச்சுக்கோங்க. தூண்டில் வளைவுக்கு நடுவுல மணல் சேர்ந்திருக்கற இடங்கள் ரெண்டு பருவமழைக்கும் மாறிக்கிட்டே இருக்கும். போன வருஷம் பாத்த மணலை நம்பிப் போகாதீங்க.

தண்டையார்பேட்டைக்காரன், இப்போது கலிபோர்னியாவில்

நாங்க இங்க மான்டரே விரிகுடாவுல மாஸ் லேண்டிங்னு ஒரு துறைமுகத்துலேர்ந்து கயாக்ல சினூக் சால்மன் பிடிக்கப் போவோம். கடலுக்கடியில இருக்கற பெரிய பள்ளத்தாக்கு அந்தத் துறைமுக வாசல்லேர்ந்தே ஆரம்பிக்குது. அதனால துடுப்பு போடற தூரத்துலயே ஆழம் கிடைக்கும். ஆழம் இருந்தா நெத்திலிக் கூட்டம் வரும், அதுக்குப் பின்னாலயே சால்மன். இங்க வில்லன் வடமேற்குக் காத்து. காலையில தூங்கும், மத்தியானத்துல எழுந்துக்கும். அதனால இருட்டுல இறங்கி, பத்து பதினோரு மணிக்குள்ள ஏறிடுவோம்.

எண்ணூர்ல கவுந்தா தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், நிதானமா யோசிக்கலாம். இங்க 10லேர்ந்து 13 டிகிரி. விழுந்த உடனே மூச்சு தானா இழுக்கும், அந்த நொடியில வாய் தண்ணிக்குள்ள இருந்தா முடிஞ்சுது. கொஞ்ச நேரத்துல விரல் மடங்காது, கயாக் மேல ஏறப் பிடி கிடைக்காது. அதனால டிரை சூட் (தண்ணி உள்ள புகாத முழு உடுப்பு) போடாம யாரும் இறங்க மாட்டோம்.

மீனைப் பத்திச் சொல்லணும்னா, முள் இல்லாத கொக்கிதான் போடணும்னு சட்டம். கொஞ்சம் நரம்பு தளர்ந்தாலே மீன் கழண்டுடும். ஒருமுறை கை எட்டற தூரம் வரைக்கும் கொண்டு வந்துட்டேன், வலையைக் கையில எடுத்தேன். பக்கத்துல தண்ணி குபுக்குனு எழும்புச்சு. கடல் சிங்கம். கம்பு வளைஞ்சு தண்ணிக்குள்ள போயிடுச்சு. திரும்பி வந்தது சால்மனோட தலை மட்டும். அது கயாக்கைவிடக் கனமான மிருகம், அதுகிட்ட நியாயம் பேச முடியாது. 2023லயும் 2024லயும் கலிபோர்னியா முழுக்கக் கடல்ல சால்மன் பிடிக்கவே தடை போட்டுட்டாங்க. ஆத்துக்கு முட்டையிடத் திரும்பற மீன் அந்த அளவுக்குக் குறைஞ்சுபோச்சு.

நம்ம காலாவை ஓட்டல்ல இந்தியன் சால்மன்னு போட்டாலும் ரெண்டுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. காலா முதல்ல ஆணா வளரும், பெருசானப்புறம் பெண்ணா மாறும். அதனால பெரிய உருப்படி மாட்டினா பெரும்பாலும் அது முட்டை மீன். ஊருக்கு வந்தப்ப ஒண்ணு பிடிச்சேன், விட்டுட்டேன். அம்மா ரெண்டு நாள் பேசல.

துடுப்புக்காரன், திருவொற்றியூர்

தண்டையார்பேட்டை சார், அம்மா பக்கம்தான் நியாயம் :)

காத்து முன்னறிவிப்பைப் பத்தியும் சொல்லிடறேன். வானிலை மையம் மீனவர்களுக்கு எச்சரிக்கை விடும்போது மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்துலன்னு சொல்லும். அந்த எச்சரிக்கை படகுகளை மனசுல வச்சுச் சொல்றது. எச்சரிக்கை வரலைங்கிறதால கயாக்குக்கு நல்ல நாள்னு அர்த்தம் கிடையாது. 20 கி.மீ. வந்தாலே என் கணக்குல கடை அடைப்பு. கடல்ல அங்கங்க அலை உச்சி வெள்ளையா உடைய ஆரம்பிச்சா அந்த வேகம் வந்துடுச்சுன்னு அர்த்தம், அப்ப செல்போனைப் பாத்துக்கிட்டிருக்க வேண்டாம். கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. ரெண்டையும் போன்ல ஏத்தி, அந்தப் போனைத் தண்ணி புகாத பையில போட்டு உடம்புல கட்டிக்கோங்க. கயாக்ல கட்டாதீங்க.

புதுசு, மணலி

அண்ணா, போன மாசம்தான் கயாக் வாங்கினேன். 28 கிலோ. ஆடி மாசம்தான் லீவு கிடைக்கும். அப்ப போகலாமா? லைஃப் ஜாக்கெட் போட்டா தூண்டில் வீசக் கை வருமா?

நெட்டுக்குப்பத்தான்

கை வரும். கயாக்குக்குன்னு தோள்பட்டைல அகலமா வெட்டுன ஜாக்கெட் விக்கிறாங்க, அத்த வாங்கு. வெயில்னு கழட்டிப் பின்னால சொருவாத. கவுந்தப்புறம் அத்த மாட்ட முடியாது.

ஆடில வெளிக்கடல் வோணாம் தம்பி. மேலக்காத்து காலைல அடிச்சா உன்ன அந்தமானுக்கே அனுப்பிடும். கழிமுகத்துக்குள்ள வா. மடவை கெடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தா கொடுவா. வெறுங்காலோட சேத்துல கால வைக்காத, சிப்பி அறுக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து மூடுனப்போ ஆறு முழுக்கக் கருப்பா கெடந்துச்சு, எங்க வலை படகெல்லாம் நாசமாச்சு. மீன் திரும்பி வந்துகிது, ஆனா பழைய அளவுக்கு இல்ல. அனல்மின் நிலையத்து சாம்பல் படிஞ்ச எடத்துல ஆழமும் கெடயாது, வத்தத்துல கயாக்கு தரை தட்டிச்சின்னா ஏத்தம் வர்ற வரைக்கும் அங்கியே குந்திக்கினு இருக்கணும்.

வர்றதுன்னா ஞாயித்துக்கெழம விடிகாலைல முகத்துவாரத்தாண்ட வா, அப்பா இருப்பாரு. அவர் வேணாம்னு சொன்னா எறங்காத, ஏன்னு கேக்காத, அவருக்கும் சொல்லத் தெரியாது. சாப்பிட எவ்ளோ வோணுமோ எடுத்துக்க. மிச்சத்த ரோட்டோரம் கூறு போட்டு மட்டும் விக்காத, அது எங்கூட்டுப் பொம்பளைங்க யாவாரம்.