ஓடும்போதே கார் அணைந்துவிடுகிறது, அவசரம்

செய்யூர்_சக்கரம்: வணக்கம். நேற்று விழுப்புரம் தாண்டி 80-இல் போய்க்கொண்டிருந்தேன், வண்டி பொசுக்கென்று அணைந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. இந்த மாதம் மூன்றாவது தடவை. சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் போட்டுவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்கள். சனிக்கிழமை குடும்பத்தோடு மதுரை போக வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

பஞ்சர்மணி: என்ன வண்டி? பெட்ரோலா, டீசலா?

டாப்கியர்_தம்பி: எந்த வருடம், எத்தனை கிலோமீட்டர்? அணையும்போது டேஷ்போர்டில் விளக்கு எரிந்ததா?

கரிசல்_காற்று: சந்தேகமே வேண்டாம், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான். என் மச்சான் வண்டியும் இப்படித்தான். பங்க்கை மாற்றுங்கள்.

பஞ்சர்மணி: வண்டி என்னவென்றே தெரியாமல் வைத்தியமா? இன்ஜின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாராக இருக்கும். சூடானால் கைவிடும், ஆறினால் வேலை செய்யும். நான் நூறு பார்த்திருக்கிறேன்.

செய்யூர்_சக்கரம்: பெட்ரோல். 2019. விளக்கு எரியவில்லை. கம்பெனி பெயர் போட்டால் இழையை மூடிவிடுவீர்கள்.

ஆயில்_வாத்தியார்: விவரம் இல்லாமல் கேட்காதீர்கள் என்று மேலே ஒட்டியே வைத்திருக்கிறோம். படிக்கத்தான் ஆள் இல்லை. சரி, 2019 பெட்ரோல் என்றால் முதலில் ரீகால் பாருங்கள், அதாவது குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே கூப்பிட்டு இலவசமாகச் சரிசெய்து தருகிறதா என்று. டாங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப், உதிரிபாகக் கம்பெனி டென்சோ செய்தது, அந்தப் பெட்ரோல் பம்ப் கதை யாருக்கும் நினைவில்லையா? உள்ளே சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் அடர்த்தி குறைவாக வார்க்கப்பட்டதால் பெட்ரோலைக் குடித்து உப்பி, உறையில் உரசி நின்றுவிடும். 2020-இல் ஹோண்டா இங்கே 65,651 கார்களுக்குப் பம்ப் மாற்றித் தருவதாக அறிவித்தது. மாருதி 1,34,885 வேகன்ஆர், பலேனோக்களுக்கு.

செய்யூர்_சக்கரம்: இரண்டு கம்பெனியும் இல்லை. எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லையே.

டாப்கியர்_தம்பி: அண்ணா, முதல் ஓனரா நீங்கள்?

செய்யூர்_சக்கரம்: இல்லை, 2022-இல் வாங்கினேன்.

டாப்கியர்_தம்பி: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குப் போயிருக்கும். ரீகால் ஆளைப் பார்க்காது, சேசிஸ் நம்பரைத்தான் பார்க்கும். ஆர்சியில் இருக்கும் அந்த 17 எழுத்து, எண்களைக் கம்பெனி வலைத்தளத்தில் போட்டுப் பாருங்கள். வாரண்டி முடிந்திருந்தாலும் அந்தப் பாகத்துக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

கரிசல்_காற்று: ரீகால் செய்கிற கம்பெனி வண்டியை வாங்கவே கூடாது என்று அதனால்தான் சொல்கிறேன்.

பஞ்சர்மணி: தலைகீழாகச் சொல்கிறீர்கள். தகாட்டா என்ற கம்பெனி செய்த ஏர்பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் ஹோண்டா சுமார் 4,000 கார்களில் ஆரம்பித்தது. வெக்கையிலும் ஈரத்திலும் பையை ஊதவைக்க உள்ளிருந்த அம்மோனியம் நைட்ரேட் கெட்டு, வெடித்து, இரும்புத் துண்டுகள் ஓட்டுபவர் மேலேயே பாய்ந்தன. கடைசியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகள். 2017-இல் தகாட்டா திவால். மறைத்தவனைத்தான் திட்ட வேண்டும், கூப்பிட்டு மாற்றித் தருபவனை அல்ல.

கரிசல்_காற்று: நம் ஊரில் யார் கூப்பிடுகிறார்கள்? எல்லாம் அவர்கள் இஷ்டம்.

ஆயில்_வாத்தியார்: இஷ்டமாக இருந்தது 2012-இல், உற்பத்தியாளர் சங்கம் தானாக வைத்துக்கொண்ட நெறிமுறையோடு. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு வந்தது. விதிகள் 2021 ஏப்ரல் முதல் அமலில் இருக்கின்றன. புகார்கள் ஒரு அளவைத் தாண்டினால் அரசே ரீகால் செய்யச் சொல்லலாம், ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஒரு வண்டி கெட்டால் அது ரிப்பேர். ஒரே தொகுப்பில் வந்த வண்டிகளெல்லாம் ஒரே பாகத்தில் கெட்டால்தான் ரீகால். இதையும் நான் போன வருடமே எழுதிவிட்டேன்.

டாப்கியர்_தம்பி: ‘கார்களைத் திரும்பப் பெறுகிறது’ என்று பேப்பரில் படித்துவிட்டு, பணம் எப்போது தருவார்கள் என்று கேட்டார் என் பெரியப்பா.

பஞ்சர்மணி: 😄 செய்யூர் அண்ணன் எங்கே? மதுரைக்குக் கிளம்பிவிட்டாரா?

செய்யூர்_சக்கரம்: நம்பர் போட்டேன், பட்டியலில் இருக்கிறது. பெட்ரோல் பம்ப்தான். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள், மதுரைக்கு ரயில். பழைய ஓனருக்குக் கடிதம் வந்ததாம், மனை விளம்பரம் என்று தூக்கிப் போட்டுவிட்டாராம். நன்றி.

கரிசல்_காற்று: அப்படியே பங்க்கையும் மாற்றிப் பாருங்கள்.